ஒற்றைப் பனைக்கு நேரே கோயில் சிலுவை

பாரத்தில் மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு. ஒரே ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. சொந்த ஊர், நிரந்தர முகவரி.

பிள்ளைகளா, அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே சின்னவன் சிரித்தான், பெரியவள் குறுக்கே கேள்வி கேட்டாள், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது அல்லவா? எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுவது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் நான் கண்டெய்னர் எண்ணுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். லாரி உள்ளே வரும்போது பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் பார்த்து எழுதிக்கொள்வேன். பெட்டி எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். எங்கோ ஒரு தேசத்திலிருந்து முந்திரிக்கொட்டை ஏற்றிக்கொண்டு வந்த பெட்டிக்குக்கூட எங்கள் யார்டில் ஒரு விலாசம் உண்டு. இத்தனையாவது பிளாக், இத்தனையாவது வரிசை, தரையிலிருந்து இத்தனையாவது அடுக்கு. இரண்டு நாள் மட்டும் இருந்துவிட்டுப் போகிற பெட்டிக்கு அத்தனை துல்லியமான விலாசம் எழுதுகிறவனுக்குத் தன் விலாசம் எழுத வரவில்லை.

மாசி மாதம் அது. எங்கள் ஏஜென்சி சென்னைக்கு வடக்கே இன்னொரு துறைமுகத்தில் கிளை போடுகிறது, அங்கே சூப்பர்வைசராகப் போகிறாயா என்று மேனேஜர் கேட்டார். சம்பளம் கூடும், குடும்பத்தோடு போய்விட வேண்டும், திரும்பி வருவது என்பது கிடையாது. உங்கள் முழுப் பரீட்சை முடிவதற்குள் பாரத்தை நிரப்பித் தர வேண்டும். தராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் பாரத்தைக் காட்டினேன். காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்துவிட்டு, “மூணாம் மைல்னு போடுங்க” என்றாள்.

“அது வாடகை வீடுல்லா.”

“அப்போ சாயர்புரம்னு போடுங்க.”

“அது எங்கம்மா ஊரு. அங்கயும் நமக்கு ஒண்ணும் கெடையாது.”

“ஏங்க, ஆபீஸ்காரன் என்ன, வந்து எட்டிப் பாக்கவா போறான்? எதையாச்சும் எழுதுங்க.”

எதையாவது எழுத எனக்கு மனசு வரவில்லை. இந்தக் கடற்கரையில் எனக்கென்று ஒரு பிடி மண் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று தோன்றியது. இருந்தால் போகக் கூடாது. இல்லாவிட்டால் போய்விடலாம். அப்படித்தான் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

என் அப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. அவர் பிறந்தது வேம்பார்ப் பக்கம், கடற்கரையில். அம்மா பனங்காட்டுப் பக்கம். அந்தக் கல்யாணத்தை இரண்டு பக்கத்திலும் யாரும் விரும்பவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா கடலை விட்டுவிட்டு சாயர்புரம் வந்துவிட்டார். மாமாவின் பலசரக்குக் கடையில் சாமான் நிறுத்துப் போட்டார். காது சரியாகக் கேட்காது. வாடிக்கைக்காரர்கள் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அதனாலோ என்னவோ அவரும் அதிகம் பேச மாட்டார். கைகள் மட்டும் ரொம்ப நீளம். முழுக்கைச் சட்டை எது எடுத்தாலும் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். கடையின் மேல் பலகையில் இருக்கிற டப்பாவை ஸ்டூல் போடாமல் எடுப்பார். எனக்கும் அதே கைதான். என் சட்டைகளைப் பார்த்து நீங்கள் கேலி செய்வீர்களே, அது அவர் கொடுத்தது.

அவர் இறந்த பிறகு ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மடித்த தாள் கிடந்தது. எட்டாக மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்திருந்தன. பென்சில் எழுத்து. நாலே வரி.

தெக்க பாத்தா ஒத்தப் பனையும் கோயில் சிலுவையும்.
வடக்க பாத்தா ஓட்டுக் கொட்டாயும் மணல் மேடும்.
ஏழு.
நம்மளது.

பல வருடம் அந்தத் தாளை நான் ரேஷன் கார்டோடு சேர்த்தே வைத்திருந்தேன். ஒன்றும் யோசித்ததில்லை. பாரம் வந்த அன்று அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பத்திரத்தில் தெற்கே இன்னார் நிலம், வடக்கே இன்ன பாதை என்று எல்லை எழுதுவார்களே, அதேபோல் இருந்தது. ஏழு என்றால் ஏழு சென்ட். நம்மளது என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்கு வேறு எப்படித் தோன்றும்?

முதலில் ஆபீஸ்களுக்குப் போனேன். பதிவு அலுவலகத்தில் அப்பா பெயருக்கும் அவருடைய அப்பா பெயருக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கிராம அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். என் தாளைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“அண்ணாச்சி, சர்வே நம்பர் இருக்கா?”

“இல்ல சார். இந்தத் தாளுதான்.”

“பனை எந்தப் பனைன்னு தெரியுமா?”

“ஒத்தப் பனை சார்.”

அவர் ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே பனைகளாக நின்றன. “இதுல எது ஒத்தைன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேரேட்டுக்குள் தலையைக் கவிழ்த்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஆனாலும் அவர் புலப்படங்களை எடுத்து மேசையில் விரித்துப் பார்க்கச் சொன்னார். எனக்கு அது ஒரு கனவு மாதிரி இருந்தது. கோடு கோடாக, சின்னச் சின்ன எண்களாக, எங்கள் கடற்கரை முழுக்கத் தட்டையாகக் கிடந்தது. உப்பளங்கள் சட்டம் போட்ட கட்டங்களாக இருந்தன. ஒரு ஓடையின் பெயரை முதன்முதலில் அன்றுதான் படித்தேன். கிழக்கு ஓரத்தில் எல்லாக் கோடும் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். கடல் என்றுகூட எழுதவில்லை. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்க ஆரம்பித்தேன். காலை பஸ்ஸில் கடற்கரை ரோட்டில் போய் இறங்குவேன். தண்ணீர் பாட்டில், உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சோறு, தாள். வெயில் ஏறினால் உப்பளப் பக்கம் எல்லாமே மிதக்கத் தொடங்கும். உப்புக் குவியல் தரையிலிருந்து ஒரு முழம் மேலே நிற்கும். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் வானத்தில் நிற்கும். எது தரை, எது தண்ணீர், எது வெளிச்சம் என்று சொல்ல முடியாது. அந்த மிதப்புக்குள் என் அப்பாவின் நீளமான கைகள் எதையோ எட்டி எடுப்பது போலக்கூட இரண்டொரு தடவை தோன்றியதுண்டு. வெயில்தான் காரணம். தொப்பி வைத்துக்கொள்ளாமல் போனது என் தப்பு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கிடைத்தது. உப்பள ஓரத்தில் ஓடு வேய்ந்த பழைய கொட்டகை. அதற்குப் பின்னால் மணல் மேடு. தெற்கே வெள்ளைக் கோயிலின் உச்சியில் சிலுவை. பனை மட்டும் இல்லை. வழியில் போன ஒருவரிடம் கேட்டேன். கரை ஓரமாக ஒரு பனையின் அடிக்கட்டையைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்கு நின்றது. தனியாகத்தான் நின்றது.

இரண்டுக்கும் நடுவே எங்கே நின்றால் தெற்கே அதுவும் வடக்கே இதுவும் கண்ணில் படுமோ, அங்கே போய் நின்றேன். உமரிச் செடி படர்ந்த தரிசு. ஒரு உடைமரம், அதன் காலடியில் குடை அளவு நிழல். அந்த நிழலில் உட்கார்ந்து சோற்றைத் தின்றேன். அப்படியே தூங்கிவிட்டேன்.

அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வது? வாடகை வீட்டில் தூங்கும்போது ஒரு காது விழித்துக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. அன்று இரண்டு காதும் தூங்கின. எழுந்தபோது கன்னத்தில் மணல் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட மனசு வரவில்லை. சோற்று டப்பாவைக் கழுவித் துடைத்து அந்த மண்ணை அள்ளிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததுதான். டப்பாவைத் திறந்து காட்டி, “நம்ம மண்ணு” என்று சொன்னேன். சின்னவன் ரூல் பென்சிலால் வீடு வரைந்தான். மாடியில் ஒரு மாடு கட்டியிருந்தான். பெரியவள் தனக்குக் கடல் பக்கம் ஜன்னல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். டப்பா மண்ணை ரோஜாத் தொட்டியில் கொட்டினீர்கள். உங்கள் அம்மா மட்டும் அடுப்பிலிருந்து திரும்பாமலே, “பத்திரத்தக் காட்டுங்க, பால் காய்ச்சுவோம்” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

சென்னைப் பக்கம் போகவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு தடவை நீள அகலம் அளந்துவிடலாம் என்று மறு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போனேன். ஒரு முனையில் கல்லை வைத்துவிட்டு மறு முனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். காற்று டேப்பைப் புரட்டியது. கல் நகர்ந்தது. திரும்பிப் போய் கல்லை வைத்தேன். மறுபடியும் நகர்ந்தது.

உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு அக்கா வரப்பில் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வெயிலுக்குத் தலையில் துண்டைச் சுற்றி, ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கால் முட்டி வரை உப்பு. இறங்கி வந்து டேப்பின் முனையை மிதித்துக்கொண்டாள்.

“இப்ப இழுங்க. ரோடு போடப் போறியளா அண்ணாச்சி?”

“இல்லக்கா. இது எங்க அப்பா எடம்.”

“இதா?” சுற்றிப் பார்த்தாள். “மழை பேஞ்சா இங்கன கெண்டைக்கால் அளவு தண்ணி நிக்கும். ஆருக்கும் பட்டா கெடையாதே. அரசாங்கத்து எடம்லா.”

நான் தாளை எடுத்து நீட்டினேன். கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். உதடு அசையப் படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிடக் கூடாது என்று அவள் படுகிற பாடு எனக்கே தெரிந்தது.

“ஒங்கப்பா என்ன தொழில் பாத்தாவ?”

“பலசரக்குக் கடையில இருந்தாங்க.”

“அதுக்கு முன்ன?”

“கடலுக்குப் போயிருக்காங்க. நான் பொறந்த சமயத்துல விட்டுட்டாங்க.”

“அதானே. அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு செவுரு பூரா இப்படித்தான் எழுதி வச்சிருக்காவ. வெள்ளையடிக்க விடமாட்டாவ.” தாளை என் கையில் திருப்பி வைத்தாள். “இது தரைக்கு எழுதுனதில்ல. கடலுக்குள்ள எழுதுனது.”

நான் டேப்பைப் பிடித்தபடியே நின்றேன். அவள் விளக்கினாள். கடலுக்குள் கல் நட முடியாது, வேலி போட முடியாது. ஒரு இடத்தில் நல்ல மீன் கிடைத்தால், சங்கு கிடைத்தால், மறுநாள் அதே இடத்துக்கு எப்படிப் போவது? கரையைப் பார்ப்பார்கள். முன்னால் நிற்கிற பனையும் பின்னால் நிற்கிற சிலுவையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கிற மாதிரி ஒரு கோடு. இன்னொரு பக்கம் கொட்டகையும் மேடும் ஒட்டி நிற்கிற மாதிரி இன்னொரு கோடு. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே படகை நிறுத்தினால் அதே இடம்.

“நீங்க கடல்ல தேட வேண்டியதத் தரையில தேடியிருக்கிய” என்றாள். அப்புறம்தான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தாள். “டேப்பு வேற.”

“அப்போ இந்த ஏழு?”

“அது எங்க வீட்டுக்காரருதான் சொல்லணும். வார ஞாயித்துக்கெழம வாங்க. கோயில் பூசை முடிஞ்சி அவரு சும்மாதான் கெடப்பாவ.”

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. சாப்பிடும்போது உங்களிடம் சொன்னேன், அந்த மண் நம்முடையது இல்லை என்று. பெரியவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள். சின்னவன், “அப்ப மாடு?” என்று கேட்டான். ரோஜாச் செடி அந்த வாரம் இலை கருகிச் செத்துப்போயிருந்தது. உப்பு மண் அல்லவா. தொட்டியை நான்தான் வெளியே கொண்டு போய்க் கொட்டினேன்.

நான் போட்ட கோட்டின்படி பார்த்தால் விஷயம் முடிந்துவிட்டது. மண் இல்லை, போய்விடலாம். பாரத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் சாயர்புரம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். உங்கள் அம்மா பேனாவை வாங்கி மூடியைப் போட்டாள்.

“தரையில இல்லன்னு தெரிஞ்சிட்டு. கடல்ல இருக்கான்னு பாத்தியளா?”

“கடல்ல இருந்தா மட்டும் வீடா கட்டப் போறோம்?”

“வீடு கட்டவா கேட்டேன்? ஒரு ஞாயித்துக்கெழமதானே, போயிட்டு வாங்க. பெறவு எழுதுங்க.”

போனேன். அக்காவின் வீட்டுக்காரர் என் வயதுக்காரர். குட்டையான ஆள், வயிறு முன்னால் தள்ளியிருந்தது. வீட்டுச் சுவரைக் காட்டினார். உண்மையாகவே சுவர் முழுக்கக் கரியால் எழுத்து. டவரும் ஆலமரமும், புகைக்கூண்டும் கோயிலும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். என் தாளைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. தாளை மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

“சங்கு குளிச்ச ஆளு எழுதுனது” என்றார்.

“எப்படித் தெரியுது?”

“மீன்காரன் இன்ன மீனுன்னு எழுதுவான். சங்குக்காரன் என்ன கெடக்குன்னு எழுத மாட்டான். ஆருட்டயும் சொல்லவும் மாட்டான். முத்து எடுத்ததெல்லாம் எங்க தாத்தா காலத்தோட சரி. அதுக்குப் பெறவு சங்குதான். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கால்ல தகட்டைக் கட்டிக்கிட்டு முங்குவாவ.” என் காதைத் தொட்டுக் காட்டி, “ஒங்கப்பாவுக்குக் காது போயிட்டா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். “முங்குனவுங்க காது அப்படித்தான்” என்றார். எனக்குத்தான் முப்பது வருடமாக அது தெரியாமல் இருந்திருக்கிறது. பலசரக்குக் கடையில் வாடிக்கைக்காரர்கள் இரண்டு தடவை சொன்னது எல்லாம் அந்த ஆழத்தால்.

படகைத் தள்ளினோம். முக்கால் மணி நேரம் ஓடியது. காற்றே இல்லாத காலை. கடல் எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது. கரை ஒரு கோடாக மெலிந்தது. தெற்கே துறைமுகத்துக் கிரேன்கள் வெள்ளெலும்பு மாதிரி, தீக்குச்சி உயரத்தில் நின்றன. அந்தக் கிரேன்களுக்கு அடியில் பத்து வருடம் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் இங்கிருந்து பார்த்ததில்லை. ஆபீஸ் படத்தில் எல்லாக் கோடும் நின்றுபோன அந்த வெள்ளைத் தாளுக்குள் இப்போது இருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு ஒரு மாதிரி லேசாகிவிட்டது.

“பனைதான் போயிட்டே” என்றேன்.

“பனை போயிட்டு, அதுக்குப் பக்கத்துல செல்போன் டவர் வந்துட்டு. பனைய வச்சிப் பாத்தவுங்க எல்லாரும் டவருக்கு மாறிட்டோம். கைய நீட்டிப் பாக்கணும். டவருக்கு ரெண்டு வெரக்கடை தெக்க சிலுவை நின்னா, பழைய பனைக் கணக்கு.”

கையை நீட்டி இரண்டு விரலைப் பிடித்தேன். சிலுவை விரலுக்கு அப்புறம் மின்னியது. வடக்கே கொட்டகையின் ஓடு, பழுப்பாக, மேட்டின் மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். படகு தானாக வழுக்கிக்கொண்டு போனது. ஓடு மேட்டின் உச்சியில் போய் ஒட்டியது. இரண்டும் ஒரே பொருளாகி நின்றன.

“இங்கனதான்” என்றார்.

எட்டிப் பார்த்தேன். பச்சையான தண்ணீர். அதற்குள் வெயில் கம்பி கம்பியாக இறங்கி, கொஞ்ச தூரத்துக்குப் பின் கரைந்துபோனது. வேறு ஒன்றும் இல்லை.

அவர் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினார். கல் தரையில் தொட்டதும் கயிறு தளர்ந்தது. தண்ணீர் மட்டத்தில் கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு மேலே இழுத்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து, ஒரு கை விரலிலிருந்து மறு கை விரல் வரை ஒரு பாகம் என்று எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எண்ணியும் முடிச்சு வரவில்லை. இன்னும் கிட்டத்தட்ட ஒரு பாகம் இருந்தது.

“எட்டு சொல்லணும். ஒங்கப்பா ஏழுன்னுல்லா போட்டிருக்காவ” என்று தாளைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். “கொஞ்சம் தள்ளி நிக்கோமோ என்னமோ.”

தரையில் தவறவிட்டது போதாது என்று கடலிலும் தவறவிட்டேனோ என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் என் சட்டையைப் பார்த்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றது.

“ஒங்கப்பாவுக்கும் இந்தக் கைதானா?”

“ஆமா.”

“அப்போ என் கைய வச்சி அளந்தா எப்படி வரும்? நீங்க அளங்க வே.”

ஈரக் கயிற்றை வாங்கினேன். எழுந்து நின்றால் விழுந்துவிடுவேன் என்று பலகையில் உட்கார்ந்துகொண்டே கையை விரித்தேன். ஒன்று. கயிற்றிலிருந்து தண்ணீர் மார்பில் வடிந்தது. இரண்டு. அப்பாவும் இதேபோல் விரித்திருப்பார், காது கேட்ட காலத்தில். மூன்று, நாலு. டப்பாவை எட்டி எடுத்த கை. ஐந்து. ஆறு. அவர் எண்ணவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது பாகத்தில் என் நடுவிரல் முடிச்சின் மேல் போய் நின்றது.

கல்லின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சாம்பல் நிற மணலை அவர் நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சிட்டிகை இருக்கும்.

“இந்தாரும், ஒம்ம பட்டா” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. மணலைத் தண்ணீரிலேயே விட்டேன். ரோஜாத் தொட்டி ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது நான் நினைத்ததைச் சொல்லுகிறேன். சாயர்புரத்திலிருந்து இந்தக் கடல் எவ்வளவு தூரம்? பஸ் ஏறி இறங்கினால் வந்துவிடலாம். ஆனாலும் அப்பா ஒரு நாளும் வரவில்லை. காது போனவனுக்குக் கடலில் வேலை இல்லை என்று விட்டுவிட்டார். விட்டவர் தாளை மட்டும் விடவில்லை. அரிசி நிறுத்துப் போட்ட அத்தனை வருடமும் ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சொல்லவும் இல்லை. நான் சென்னைப் பக்கம் போனால் நானும் எதையாவது ஒரு தாளில் எழுதி எட்டாக மடித்து வைத்திருப்பேன். பிறகு நீங்கள் அதை வைத்துக்கொண்டு தப்பான இடத்தில் டேப்பை இழுத்துக்கொண்டு அலைவீர்கள். மண் இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம் என்று நான் போட்ட கோடே தப்பான கோடு.

மறுநாள் பாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மேனேஜர் புரட்டிப் பார்த்தார்.

“எல்லாம் நிரப்பியிருக்கீங்களே. இது ஒண்ணுதான காலி. என்ன பிரச்சனை?”

“நான் போகல சார்.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன் சார்.”

“இந்த மாதிரி வாய்ப்பு மறுபடி வராது.”

“தெரியும் சார்.”

அவர் கோபப்படவில்லை. பாரத்தை டிராயரில் போட்டுவிட்டு, பத்து மணிக்கு வருகிற முந்திரிப் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான். அந்த வேலைக்கு வேறு ஒருவர் போயிருக்கிறார். நாம் அதே வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரியவளுக்கு வாங்கித் தருகிறேன் என்று சொன்ன சைக்கிள் தள்ளிப் போயிருக்கிறது. அதற்கு என்மேல் வருத்தம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்காமல் முடிவு செய்தது சரியா என்று இன்னும் எனக்கே சந்தேகம் வருவதுண்டு. அந்தச் சந்தேகம் வரும்போது துறைமுகக் கேட்டுக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் கிழக்கே பார்ப்பேன்.

உங்கள் பரீட்சை முடிந்ததும் உப்பளத்து அக்கா நம் நாலு பேரையும் வரச் சொல்லியிருக்கிறாள். சின்னவனுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவள் கேள்வி கேட்பாள், பதில் சொல்ல அக்காவின் வீட்டுக்காரர் இருக்கிறார். கொட்டகையின் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போடப் போகிறார்களாம், அதையும் குறித்து வைக்க வேண்டும். அதனால் மறக்காமல் இருக்க, இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

தெற்கே பார்த்தால் டவருக்கு இரண்டு விரல் தெற்கே கோயில் சிலுவை. வடக்கே பார்த்தால் மணல் மேட்டின் உச்சியில் கொட்டகைக் கூரை. ஆழம் என் கைக்கு ஏழு பாகம், என் அப்பா கைக்கும் ஏழு. உங்கள் கைக்கு எத்தனை என்று கயிற்றைப் பிடித்தால்தான் தெரியும்.